மெல்ல மிதித்தாலும் சட்டெனக் கவ்வும் டிரம் பிரேக்

கேள்வி: நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள, 1950களில் தயாரான கார் ஒன்றை வைத்திருக்கிறேன். முன்சக்கர டிரம்களை லேத்தில் கடைந்து வாங்கி, புது லைனிங் போட்ட பிறகு ஒரு தொல்லை தொடங்கியது. பெடலை மெல்ல மிதித்தால் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு திடீரென்று கவ்வி, வண்டியை இடப்பக்கம் இழுக்கிறது. மெக்கானிக் லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். சில நாள் நன்றாக இருந்து, மறுபடியும் அதே கதைதான். லைனிங்கை மீண்டும் மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகி, சில நாளில் திரும்பிவிட்டது என்று நீங்களே எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். காரணம் உள்ளேயே இருக்கும்போது புது லைனிங் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

பெடலை மிதித்ததும், லைனிங் என்ற உராய்வுப் பட்டை பதித்த பிறை வடிவ ஷூக்கள் இரண்டு விரிந்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. டிரம் சுழலும் திசையில் முன்னால் நிற்கும் ஷூவை, டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது. கதவுக்கு அடியில் வைத்த ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதைப் போல. கால் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் இல்லாத பழைய கார்களில் கால் வலு மட்டுமே போதுமானதாக இருந்ததற்கு இதுவே காரணம். பல கார்களின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களுமே இப்படி முன்னணி ஷூக்களாக அமைந்திருக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: லைனிங்கின் உராய்வு சிறிது கூடினால், பிரேக்கின் பிடிப்பு அந்த விகிதத்தைவிட அதிகமாகவே கூடிவிடும். ஆகவே, டிஸ்க் பிரேக்கில் கவனத்துக்கே வராத சின்ன வேறுபாடுகூட டிரம் பிரேக்கில் ஸ்டியரிங்கை இழுக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது எண்ணெய்க் கசிவை. லைனிங் முழுக்க நனைந்துவிட்டால் பிரேக் வழுக்கும். ஆனால் மிகச் சிறிதளவு பிரேக் ஆயிலோ கிரீஸோ பட்டால் லைனிங்கின் மேற்பரப்பு பிசுபிசுத்து, கவ்வ ஆரம்பிக்கும். உப்புத்தாள் அந்த மேற்பரப்பைச் சுரண்டி எடுத்ததால் சில நாள் சரியாக இருந்திருக்கிறது. டிரம்மைக் கழற்றி, ஷூக்களைத் தள்ளி விரிக்கும் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையை மெதுவாக மடக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் சிலிண்டரின் சீல் போய்விட்டது என்று பொருள். அங்கே உலர்ந்திருந்தால் அடுத்ததாக சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உட்புற கிரீஸ் சீலைப் பாருங்கள். பேரிங்கில் அளவுக்கு மீறி கிரீஸ் அடைத்தாலும் அது சூட்டில் உருகி டிரம்முக்குள் இறங்கிவிடும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவுவதும், தீயில் காட்டிச் சுடுவதும் பட்டறைகளில் காலங்காலமாக நடப்பவைதான்; ஆனால் பிரேக் சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். கசிவை நிறுத்திய பிறகு, இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே வகை லைனிங்காகச் சேர்த்து மாற்றுவதே சரி.

உள்ளே படிந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

‘முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு திடீரென்று’ என்று நீங்கள் சொல்வதற்கு வேறொரு காரணமும் பொருந்தும். ஷூவின் விளிம்பு, ஷூக்களைத் தாங்கி நிற்கும் தகடான பேக் பிளேட்டில் உள்ள சின்ன மேடைகளின் மீது உரசி நகர்கிறது. ஆண்டுக்கணக்கில் உரசியதில் அந்த மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தால், ஷூ அதில் சிக்கி நின்று, பெடலின் அழுத்தம் ஏறியதும் சட்டென விடுபட்டு டிரம்மில் மோதும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாலே பள்ளம் தட்டுப்படும். வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் சமப்படுத்தி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மிக மெல்லிதாகத் தடவினால் போதும். இவ்வளவு எளிய வேலையைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

டிரம்மைக் கடைந்த பிறகு தொடங்கியது என்பதால் வளைவையும் சோதிக்க வேண்டும். ஷூவை டிரம்முக்குள் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி தொட்டு, இரு முனைகளிலும் மயிரிழை இடைவெளி இருந்தால் கவலை இல்லை. ஓட ஓடப் பொருந்திவிடும். மாறாக, கடைந்ததை ஈடுகட்டத் தடிமனான லைனிங் போட்டு, முனைகள் மட்டும் தொட்டு நடுவில் இடைவெளி இருந்தால், கவ்வுவது உறுதி. டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லைனிங்கைக் கிரைண்ட் செய்து தரும் பட்டறையை நாடுங்கள். லைனிங்கின் முன் விளிம்பு கூராக இருந்தால் அரத்தால் சரிவாகத் தேய்த்து விடலாம்.

இனி, இடப்பக்கம் இழுப்பதால் இடச் சக்கரம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலச் சக்கரம் வேலையே செய்யாமல் இருந்தாலும் வண்டி இடப்பக்கம்தான் போகும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை இலேசாக மிதிக்க, மற்றவர் இரு சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பார்க்கட்டும். வலது தாராளமாகச் சுழன்றால், வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். இரண்டும் முன்னணி ஷூக்களாக உள்ள அமைப்பில், இட வல பேக் பிளேட்டுகள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால், சுயமாக இறுகும் பலன் முழுவதும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் காரில் காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் பின்பிரேக் கவ்வுகிறது; பிறகு நாள் முழுவதும் நன்றாக இருக்கிறது. இது கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரவு ஈரத்தில் வார்ப்பிரும்பு டிரம்மின் உட்புறம் மெல்லிய துரு படிகிறது. லைனிங்கும் ஈரம் உறிஞ்சுகிறது. சில முறை மிதித்ததும் இரண்டும் போய்விடும். வண்டியைக் கழுவிய உடனே நிறுத்திவைக்காமல் சிறிது ஓட்டி, பிரேக் போட்டு உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். நாள் முழுவதும் நீடித்தால் பின் ஆக்சில் ஆயில் சீலைச் சோதிக்கவும். ஆக்சிலின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் ஆயில் சீலைத் தாண்டி வரும்.

கேள்வி: பிரேக் விட்டு விட்டுக் கவ்வுகிறது, பெடலும் காலில் துடிக்கிறது. லைனிங்தான் காரணமா?

பதில்: சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத் துடித்தால், டிரம் வட்டம் தவறியிருக்கிறது. நன்றாகச் சூடேறிய பிரேக்கோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டாலோ, வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலோ டிரம் கோணும். கடைந்து சரிசெய்யலாம், ஆனால் தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச உள்விட்டத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவு டிரம்மிலோ பணிமனைக் கையேட்டிலோ இருக்கும். தாண்டிய டிரம் மெலிந்து, சூட்டில் எளிதாக விரிந்து, விரிசலும் விடக்கூடும்; அதை மாற்றத்தான் வேண்டும்.