மாத்திரை போட்டும் தெளியாத பச்சைக் குளம்

கேள்வி: கோவையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம் 60,000 லிட்டர் கொள்ளும். மழைக்குப் பிறகு பச்சையாகிவிட்டது. ஒரு வாரமாகக் குளோரின் மாத்திரை போட்டும் தெளியவில்லை. சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் நன்றாகவே வருகிறது. தண்ணீரை முழுவதும் இறக்கிவிடலாமா?

பதில்: முழுவதும் இறக்க வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலியான குளத்தைக் கீழிருந்து நீர் தள்ளும்; தரை ஓடுகள் பெயர்ந்துவிடலாம்.

முதலில் அந்த மஞ்சளை நம்பாதீர்கள். அது பாசியோடும் வியர்வையோடும் போராடி ஓய்ந்துபோன குளோரினையும் சேர்த்தே காட்டும். வேலை செய்யும் குளோரினை மட்டும் காட்டுவது இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. சோதனை. அதையும் கூர்ந்து பாருங்கள்: சிவந்த நிறம் சில நொடிகளில் வெளுத்துவிட்டால் குளோரின் இல்லை என்று பொருளல்ல, அளவுக்கு மீறி இருக்கிறது என்று பொருள்.

என் சந்தேகமெல்லாம் மாத்திரையின் மேல்தான். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் குடை அது. ஆனால் குளோரின் செலவாகிவிடும், அமிலம் நீரிலேயே தங்கிவிடும். 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 10 பங்கு) குளோரின் தரும் மாத்திரை கூடவே 6 பிபிஎம் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. ஆண்டுக்கணக்கில் மாத்திரையே போட்டுவந்த குளத்தில் அது 100 பிபிஎம்மைத் தாண்டியிருப்பது சாதாரணம். அந்த நிலையில் குளோரின் இருந்தும் கை கட்டப்பட்டது போலத்தான். இதை முறிக்க மருந்து தேடி அலையாதீர்கள். பாதித் தண்ணீரை மாற்றுவதே வழி. சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் போதும்.

அடுத்தது பிஎச், அதாவது நீரின் அமில-கார நிலையைக் காட்டும் எண். 8 இருந்தால் குளோரினில் வீரியமுள்ள பங்கு கால்வாசிக்கும் கீழே; 7.2க்கு இறக்கினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் பிஎச்சை மேலே இழுக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அரை லிட்டராக, பம்பு ஓடும்போது, குளத்து நீரில் பரவலாக ஊற்றி, சில மணி நேரம் விட்டு மறுபடி சோதியுங்கள். பிஎச்சை ஆடாமல் பிடித்து நிறுத்தும் காரத்தன்மை 80 பிபிஎம்முக்குக் கீழே கிடந்தால் ஆப்ப சோடா போதும். உங்கள் குளத்தில் ஒரு கிலோ போட்டால் சுமார் 10 பிபிஎம் ஏறும்.

இனிதான் தாக்குதல். மாத்திரையை நிறுத்திவிட்டு, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் (சயனூரிக் அமிலம் கலக்காத குளோரின்) ஒரு கிலோவை வாளித் தண்ணீரில் கரைத்து, பொழுது சாய்ந்தபின் ஊற்றுங்கள். குளோரின் ஏறத்தாழ 11 பிபிஎம் கூடும். (இது அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு, மாத்திரையோடு சேர்ந்தால் தீயே பிடிக்கலாம். வாளி, கரண்டி எல்லாம் தனித்தனி.) சுவர், படிக்கட்டின் மூலை, ஏணிக்குப் பின்புறம் என்று பிரஷ்ஷால் தேய்த்தாக வேண்டும், வழவழப்பான படலத்துக்குள் ஒளிந்த பாசியைக் குளோரின் எட்டாது. பம்பு இரவு பகலாக ஓடட்டும். மணல் வடிகட்டியின் அழுத்தமானி, சுத்தமாக இருந்த அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் நீரை எதிர்த்திசையில் ஓட்டிப் பின்கழுவல் செய்யுங்கள். செத்த பாசி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும்.

பச்சை சாம்பலாகி, பிறகு பால்போல வெளுக்கும். அது நல்ல அறிகுறி. இரவு ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை குளோரினை அளந்து பாருங்கள். இழப்பு 1 பிபிஎம்முக்கு மேல் என்றால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது. அன்று மாலையும் ஊற்றுங்கள்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். செம்பு நீரில் தங்கிச் சுவரில் கறையாகப் படியும்.

குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கி, அடியிலுள்ள வடிகால் மூடியின் கம்பிகளைக் கரையில் நின்றே எண்ண முடிகிற வரை குழந்தைகளை இறக்காதீர்கள்; கலங்கிய நீரில் மூழ்குகிறவர் யார் கண்ணிலும் படமாட்டார்.