பள்ளிக்கரணையும் நம்ம தெரு மழைத்தண்ணியும்: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: சார், சென்னை மடிப்பாக்கத்துல இருக்கோம். மழைநீர் வடிகால் புதுசா போட்டும் தெருவுல முழங்கால் அளவு தண்ணி நிக்குது, ஏன்?

பதில்: வடிகால் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. உங்க ஏரியா, வேளச்சேரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரி உபரி எல்லாமே பள்ளிக்கரணை சதுப்புக்குத்தான் வருது, அங்கேர்ந்து ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால் வழியா பக்கிங்காம் கால்வாய், அப்புறம் தெக்க போய் முட்டுக்காடு பக்கம் கடல். மொத்தமும் கடல் மட்டத்துக்கு கொஞ்சம் மேலதான் இருக்கு, அதனால கால்வாய்ல தண்ணி ஏறிட்டா சதுப்பு வடியாது, சதுப்பு வடியலன்னா உங்க தெருவும் வடியாது. ஒரு காலத்துல 5000 ஹெக்டேர்னு சொல்ற சதுப்புல இன்னைக்கு சின்ன பங்குதான் மிச்சம். வடிகால பெருசாக்கினா அந்த மிச்சத்துல தண்ணி இன்னும் சீக்கிரம் போய் கொட்டும், அவ்ளோதான். மேல இருக்குற தெருவுலயே தண்ணிய நிறுத்தி மெதுவா விடணும்.

கேள்வி: அதுக்கு மழைத்தோட்டம் போடலாமா? எங்க பக்கம் களிமண் சார்.

பதில்: மழைத்தண்ணிய புடிச்சு வச்சு மெதுவா விடுற பள்ளமான செடிப்பாத்திதான் மழைத்தோட்டம். தாராளமா போடலாம், ஆனா களிமண்ணுல தண்ணி தானா இறங்கிடும்னு நம்பி போடாதீங்க. முதல்ல கணக்கு: 1000 சதுர அடி மொட்டை மாடியில 10 செ.மீ. மழை பெஞ்சா 9,000 லிட்டருக்கு மேல வரும். முடிஞ்சத சம்ப்புல புடிங்க, மீதி தோட்டத்துக்கு. ரோட்டோரம் அரை அடி பள்ளம், தண்ணி உள்ள வர கர்ப் கல்லுல ஒரு இடைவெளி, அந்த வாய்லயே ஜல்லி போட்ட சின்ன குழி. சேறு, பிளாஸ்டிக், பால் கவர் எல்லாம் அங்கயே நின்னுடும், அள்றதும் சுலபம். இந்த குழிய விட்டுட்டா ரெண்டே மழையில தோட்டம் அடைச்சுக்கும். உள்ள மணல் கலந்த மண்ணு, அடியில ஜல்லிக்குள்ள ஓட்ட போட்ட பைப், அது வடிகால்ல சேரணும், பலத்த மழைக்கு மேல ஒரு ஓவர்ஃப்ளோ. வெட்டிவேர், கோரை, கல்வாழை நல்லா தாங்கும்.

கேள்வி: கொசு வராதா அண்ணா?

பதில்: ரெண்டு நாள்ல வடிஞ்சா வராதுங்க, முட்டை கொசுவாக ஒரு வாரம் பக்கம் ஆகும். அதுக்கு மேல நின்னா பைப் அடைச்சிருக்கு.

கேள்வி: சதுப்பையே ஆழமா தோண்டிட்டா நிறைய தண்ணி நிக்குமே?

பதில்: நிக்காது, தயவுசெஞ்சு இத கேக்காதீங்க. குழிக்குள்ள ஏற்கனவே தண்ணி நின்னா வெள்ளத்துக்கு அதுல இடமே இல்ல. கோடையில மட்டம் இறங்கி ஐப்பசி கார்த்திகையில ஏறுதே, அந்த இடைவெளிதான் வெள்ளத்த தாங்குது, அதுக்கு வேண்டியது பரப்பு. பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் நடந்து மேயுற ஆழமில்லாத தண்ணியும் தோண்டினா போயிடும். உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு 2022-ல ராம்சார் அந்தஸ்து கிடைச்ச இடம் இது! ஆகாயத்தாமரைய எடுங்க, கட்டட இடிபாட்ட அள்ளுங்க, ஏரியிலேர்ந்து வர்ற கால்வாய தொறந்து விடுங்க.

கேள்வி: சதுப்போரம் இருக்குற பெருங்குடி குப்பைமேட்டு கழிவுத்தண்ணிய நாணல் வச்சு சுத்தம் பண்ணலாமா?

பதில்: நாணல் மட்டும் தாங்காது மேடம், அதுல அமோனியாவும் உப்பும் ரொம்ப ஜாஸ்தி. குப்பைய சுத்தி வாய்க்கால் வெட்டி தனியா புடிச்சு சுத்திகரிக்கணும்.

கேள்வி: எங்க அசோசியேஷன் எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: அடுத்த நல்ல மழையில குடையோட போய் தண்ணி எந்த முனையில தெருவுக்குள்ள வருது, எங்க தேங்குதுன்னு வீடியோ எடுங்க, சுவத்துல பெயிண்ட்ல மட்டம் குறிங்க. முதல் தோட்டம் தண்ணி வர்ற அந்த முனையில போடுங்க, தேங்குற பள்ளத்துல வேணாம்.