சிவனொளிபாதமலை ஏன் இவ்வளவு பிரபலம்?

இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் பிதுருதாலகால, 2,524 மீட்டர். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர்தான். அப்படியிருந்தும் எல்லோருக்கும் இதை ஏன் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் அதன் வடிவம். சுற்றியுள்ள மலைகளிலிருந்து தனியே, கூம்பு போல எழுந்து நிற்பதால் கடலில் வரும் கப்பல்களுக்கே அது அடையாளமாக இருந்தது. 1344-இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இதில் ஏறினார். செங்குத்தான பாறையில் பிடித்து ஏறுவதற்குக் கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியும் வைத்தார்.

அப்புறம், உச்சியில் உள்ள பாதச் சுவடு. சைவர்களுக்கு அது சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் ஸ்ரீபாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் காலடி. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் சுவடு என்பார்கள். ஒரே பாறையை இத்தனை பேர் தங்களுடையதாக நினைத்து, ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். எனக்கு இந்த மலையில் பிடித்ததே இதுதான்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதத்தில் வரும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வரை யாத்திரைக் காலம். இரவில் ஏறினால் விடியலைப் பார்க்கலாம். சூரியன் வந்ததும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்காமல் மேற்கே திரும்புங்கள்: மலையின் நிழல் துல்லியமான முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் விழுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கி அடிவாரத்துக்கு வந்துவிடும்.