நாலு லட்சத்துக்கு முன்னால் ஒரு பத்து ரூபாய்

கேள்வி: எங்கள் தென்மாவட்டத்துக்கு ஒரு ஐஐடி வேண்டும் என்று ஊரில் பதினோரு பேர் சேர்ந்து இயக்கக் குழு தொடங்கியிருக்கிறோம். நான் கடை வைத்திருப்பவன், குழுவுக்குப் பொருளாளர். போஸ்டர், கையெழுத்து எல்லாம் நடக்கிறது. இப்போது ஒருவர், டெல்லியில் கல்வி அமைச்சகத்தில் தனக்கு ஆள் இருக்கிறது, கோப்பை நகர்த்த நாலு லட்சம் ஆகும் என்கிறார். பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். குழுவில் ஒருவர், கல்லூரி வரும் என்று நாங்கள் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வாங்கியும் விட்டார். பணம் கொடுக்காவிட்டால் பக்கத்து மாவட்டம் தட்டிக்கொண்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட.

நகர்த்துவதற்கு அங்கே கோப்பே இருக்காது, அதுதான் முதல் காரணம். ஐஐடி என்பது ஏதோ ஒரு பிரிவு அலுவலர் மேஜையில் தூங்கும் லைசென்ஸ் விண்ணப்பம் இல்லை. 1961-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதில் பெயர் ஏறினால்தான் அது ஐஐடி. கேரளாவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருடம் கேட்டு, 2014 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜேட்லி ஐந்து மாநிலங்களுக்கு அறிவித்தபோதுதான் அதில் கேரளாவும் வந்தது. வாளையார் தாண்டி, பாலக்காட்டில் இரவல் கட்டடத்தில் 2015 ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது, நாடாளுமன்றத்தில் சட்டம் திருத்திப் பெயர் ஏறியது 2016-இல். பட்ஜெட், அமைச்சரவை, நாடாளுமன்றம் என்று மூன்று படி. இதில் எந்தப் படிக்கு உங்கள் ஆள் நாலு லட்சத்தைக் கொடுக்கப் போகிறார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

இரண்டாவது காரணம் உங்களைப் பற்றியது. ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்திய பிறகு, லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு வருடம் வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்துத் தப்பிக்க வழி உண்டு, ஆனால் குழு கூடித் தீர்மானம் போட்டு, வசூல் பண்ணிக் கொடுத்த பணத்தில் யார் யாரைக் கட்டாயப்படுத்தினார்கள்? பொருளாளர் கையெழுத்து உங்களுடையது. மற்ற பத்துப் பேரும் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு லட்சத்துக்குப் பதிலாகப் பத்து ரூபாய் செலவழியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசுத் துறைக்கு மனுக் கட்டணம் அவ்வளவுதான், இணையத்திலேயே அனுப்பலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வித் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் புதிதாக ஐஐடி கேட்டு மாநில அரசிடமிருந்து முன்மொழிவு வந்திருக்கிறதா, வந்திருந்தால் கடித நகல் தருக. உங்கள் மாவட்டத்தின் பெயர் எந்த முன்மொழிவிலாவது இருக்கிறதா, இருந்தால் அதன் நகல் தருக. இதோடு நிறுத்துங்கள். ‘எங்களுக்கு ஏன் தரவில்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள், அது தகவல் இல்லை, கருத்து என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள், அதில் அவர்களுக்குத் தனி சந்தோஷம். இதே கேள்வியைச் சென்னைத் தலைமைச் செயலகத்து உயர்கல்வித் துறைக்கும் தனியாகப் போடுங்கள். பதில் வந்ததும் அந்தக் காகிதத்தை டெல்லிக்காரர் முன்னால் வையுங்கள்.

சரி, பக்கத்து மாவட்டம். இந்தப் பயத்தை வைத்துத்தான் எல்லா வியாபாரமும் நடக்கிறது. 2015 பட்ஜெட்டில் கர்நாடகத்துக்கு ஐஐடி என்றார்கள். மாநில அரசு தார்வாட், மைசூர், ராய்ச்சூர் என்று மூன்று ஊரை எழுதி அனுப்பியது. ராய்ச்சூர்க்காரர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருந்தது. பின்தங்கிய பகுதி, அதற்கென்றே அரசியல் சட்டத்தில் தனிப் பிரிவு, வட்டார ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த நஞ்சுண்டப்பா குழுவும் அந்த ஊருக்கே ஐஐடி கொடுக்கச் சொல்லியிருந்தது. மறியல், போராட்டம் எல்லாம் நடந்தது. போனது தார்வாடுக்கு. ராய்ச்சூருக்குச் சில வருடம் கழித்து ஒரு டிரிபிள் ஐடி, அதாவது தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், கிடைத்தது. காரணம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், என் கணிப்பு ரொம்பச் சாதாரணம்: தார்வாடுக்குப் பக்கத்தில் ஹூப்ளி விமான நிலையம் இருந்தது, உடனே வகுப்பு நடத்த வால்மி என்ற நீர், நில மேலாண்மை நிறுவனத்தின் கட்டடம் இருந்தது, காட்டுவதற்கு நிலம் இருந்தது. நியாயம் ஒரு பக்கம் இருந்தாலும், இடம் பார்க்க வருகிற குழு ஜீப்பில் இருந்து இறங்கி நிற்பதற்கு ஒரு தரை வேண்டும்.

நம் ஊர் எய்ம்ஸ் கதை உங்களுக்கே தெரியும். 2015-இல் அறிவிப்பு. செங்கல்பட்டு, புதுக்கோட்டை, செங்கிப்பட்டி, பெருந்துறை, தோப்பூர் என்று ஐந்து இடம் பட்டியலில் போனது. எந்த மாவட்டத்தையும் பகைக்க மனமில்லை, அதனால் ஐந்தையும் அனுப்பினார்கள், தோப்பூர் என்று முடிவாக மூன்று வருடம். 2019 ஜனவரியில் அடிக்கல். 2022-இல் முதல் ஐம்பது மாணவர்கள் படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு. அதனால் உங்கள் குழு கேட்க வேண்டியது ‘எங்களுக்குக் கொடு’ என்பதை மட்டும் இல்லை, ‘பட்டியல் அனுப்பாதே, ஒரே இடத்தை அனுப்பு’ என்பதையும்தான். அந்த ஒரு இடம் உங்கள் மாவட்டமாக இல்லாமல் போகலாம். அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிலம். நான் நில எடுப்புத் தாசில்தாராக இருந்தவன், அதனால் இதில் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐஐடிக்கு ஏறக்குறைய ஐநூறு ஏக்கர் வேண்டும். தார்வாடில் 470, ஹைதராபாத்தில் 576. இதை மாநில அரசு இலவசமாக, வில்லங்கம் இல்லாமல், ஒரே துண்டாகக் கொடுக்க வேண்டும். அந்த ‘ஒரே துண்டு’தான் எமன்.

ஒரு மத்திய நிறுவனத்துக்காக ஒரு சமயம் இடம் பார்க்கப் போனோம். அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலக் கணக்கில், முந்நூறு ஏக்கர் அரசுத் தரிசு, படத்தில் அழகாகப் பச்சைக் கோடு போட்டிருந்தார்கள். காலையில் ஆறு மணிக்கு சர்வேயரோடு நடக்க ஆரம்பித்தேன். அரை கிலோமீட்டரில் ஒரு ஓடை, அது பதிவேட்டிலேயே தனிப் புல எண். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சுடலைமாடன் பீடம், எண்ணெய் காயாமல் இருந்தது, அப்படியென்றால் நேற்றுக்கூட யாரோ வந்திருக்கிறார்கள். அதைத் தாண்டி மயானம். அதற்கு மேல் பத்துப் பதினைந்து பேர் மானாவாரியாகச் சோளம் போட்டிருந்தார்கள், தாத்தா காலத்தில் இருந்து பண்படுத்தியது என்றார்கள், பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஒரே துண்டாகத் தேறியது தொண்ணூறு ஏக்கர். நான் அறிக்கை எழுதினேன். மேலே இருந்தவர்கள் மறுபடி முந்நூறு என்றே அனுப்பினார்கள், ஏனென்றால் படிவத்தில் கேட்டது முந்நூறு. அந்த நிறுவனம் வேறு எங்கோ போனது.

உங்கள் குழு போஸ்டர் ஒட்டுகிற நேரத்தில் இந்த வேலையைச் செய்யலாம். நீங்கள் சொல்கிற இடத்தின் புல எண்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள், இணையத்திலேயே தெரியும். கண்மாய், குளம், ஓடை என்று இருந்தால் அடித்துவிடுங்கள், அதில் கை வைக்க எந்த நீதிமன்றமும் விடாது.

மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஆடுமாடு மேய ஒதுக்கிய நிலம் என்று இருந்தால்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். அது அரசு நிலம்தான், காலியாகத்தான் கிடக்கும், பார்த்தால் ஆடுகூட இருக்காது. உடனே இருநூறு ஏக்கர் ரெடி என்று மேடையில் பேசிவிடுவார்கள். ஆனால் அது ஊர்ப் பொது நிலம். ஊர்ப் பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், ஜக்பால் சிங் வழக்கில், கடுமையாகச் சொன்ன பிறகு வகைப்பாட்டை மாற்றுவது லேசில் நடப்பதில்லை. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். பொதுக் காரியத்துக்காக மாற்றலாம், ஆனால் அதற்குப் பதில் நிலம் எங்கே என்று கேட்பார்கள், ஊராட்சித் தீர்மானம் கேட்பார்கள், தீர்மானம் இருந்தால் கிராமசபை போட்டதா ஊராட்சி மன்றம் போட்டதா என்று கேட்பார்கள், பதில் நிலம் பாறையாக இருந்தால் ஆடு எதை மேயும் என்று ஒரு கோட்டாட்சியர் ஓரத்தில் குறிப்பு எழுதுவார், அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத ஆறு மாதம் ஆகும். ஆகவே மேய்க்காலைக் காட்டுவதென்றால் பதில் நிலத்தின் புல எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள், ஆடு வளர்ப்பவர்கள் கையெழுத்தையும் சேர்த்து. அவர்களைக் கேட்காமல் பண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு கோவா போதும். 2016-இல் தொடங்கிய ஐஐடி வேறொரு பொறியியல் கல்லூரியின் வளாகத்தில் ஒதுங்கியிருக்க, சத்தாரி தாலுகா மேலாவ்லியில் இடம் என்றார்கள், எங்கள் நிலம் என்று மக்கள் மறித்தார்கள், 2021 ஜனவரியில் போலீசோடு மோதல், அதே மாதம் அரசு அந்த இடத்தைக் கைவிட்டது.

மூன்று ஏக்கர் வாங்கியவரிடம் நீங்களே பேசுங்கள். ஒன்று நிலத்தை வைத்துக்கொள்ளட்டும், இல்லை குழுவில் இருக்கட்டும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்துக் காட்டினால் பதினோரு பேரும் ரியல் எஸ்டேட் கும்பலாகிவிடுவீர்கள். அவருக்கு லாபம் வரும் என்பதும் நிச்சயம் இல்லை. அரசு அந்த நிலத்தையே எடுத்தால் 2013-ஆம் வருட நில எடுப்புச் சட்டப்படி, அறிவிப்புக்கு முந்தைய மூன்று வருடப் பத்திரங்களைப் பார்த்து விலை கணக்கிடுவார்கள், திடீரென்று ஏற்றிப் பதிந்த பத்திரத்தை ஆட்சியர் ஒதுக்கித் தள்ளலாம். முதல் அறிவிப்பு வந்த பிறகு ஆட்சியர் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது. இதை எல்லாம் மறைத்து, ‘ஐஐடி சிட்டி’ என்று கொடி நட்டுப் பவர் பத்திரத்தில் மனை விற்கும் புரோக்கர்கள் உங்கள் மேடைக்குப் பந்தல் போட முன்வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

போஸ்டரில் ‘நம் பிள்ளைகளுக்கு ஐஐடி’ என்று போட்டிருந்தால் மாற்றுங்கள். ஐஐடியில் மாநிலத்துக்கென்று ஒதுக்கீடு கிடையாது. உள்ளூர் வாசலில் இருந்தாலும் அகில இந்திய ரேங்க்தான். என்ஐடி என்றால் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு, அதனால்தான் திருச்சியில் நம் பிள்ளைகள் அத்தனை பேர் படிக்க முடிகிறது. ‘லோக்கல் கோட்டா வருது, இப்பவே சேருங்க’ என்று கோச்சிங் சென்டர் நோட்டீஸ் வந்தால் அது பொய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கசக்கும். 2016-க்குப் பிறகு இந்தியாவுக்குள் ஒரு புது ஐஐடிகூட வரவில்லை, எண்ணிக்கை 23-இல் நிற்கிறது. சென்னை ஐஐடி கடல் தாண்டி சான்சிபாரில் வளாகம் திறந்தது, நம் தென்மாவட்டத்துக்கு வரவில்லை. 2025 பட்ஜெட்டில்கூட, 2014-க்குப் பிறகு தொடங்கிய ஐந்து ஐஐடிகளில் இன்னும் 6,500 பேருக்கு இடவசதி என்றுதான் சொன்னார்கள். அதனால் மனுவில் முதல் கோரிக்கையாக ஐஐடியைப் போடுங்கள், இரண்டாவதாகச் சென்னை ஐஐடியின் துணை வளாகம் ஒன்றைக் கேளுங்கள், சென்னைக்குத் தெற்கே தையூரில் 163 ஏக்கரில் செய்திருக்கிறார்கள், அந்த அளவு நிலம் உங்களிடம் தேறலாம். டெல்லிக்கு நேரே மனு போடுவதால் பயனில்லை, அவர்கள் மாநிலத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள், மாநிலம் மாவட்டத்துக்கு அனுப்பும், கடைசியில் உங்கள் ஊர் வி.ஏ.ஓ. வந்து உங்களிடமே ‘என்னண்ணே இது’ என்று கேட்பார். புல எண் பட்டியலோடு ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அதன் நகலை உங்கள் எம்.பி.யிடம் கொடுத்து நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வக் கேள்வியாகப் போடச் சொல்லுங்கள்.

இதுவரை வசூலான பணத்தை இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கில் போட்டு, ரசீதுப் புத்தகத்தை உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைப் பதில் வந்ததும் அதன் நகலையும் அ-பதிவேட்டுப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் புல எண் தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்கிறேன்.