எழுபது சதவீதம் எந்த டவுனில் வந்தது?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன், அவன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து பாஸ் போடுகிறவர்) நூற்றுக்கு எழுபது பாஸ் சரியாகப் போடுகிறார் என்று பெருமை பேசுகிறான். அணியோ தோற்றுக்கொண்டே இருக்கிறது. இது எப்படி? – காட்பாடி வாசகர்

பதில்: அந்த எழுபது எந்த டவுனில் வந்தது என்று கேளுங்கள். (பாகாயம் போகிற டவுன் பஸ் இல்லை, அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பேர்.) நாலு முயற்சிக்குள் 10 யார்டு நகர வேண்டும், நகர்ந்தால் மறுபடி நாலு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. யார்டு என்பது நம் ஜவுளிக்கடை கெஜம்தான். நாலாவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவதால், மூன்றாவதுதான் நிஜமான கடைசி வாய்ப்பு.

கல்லூரி ஆட்டத்துக்கு என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) வைத்திருக்கும் பாஸர் ரேட்டிங், அதாவது பாஸ் போடுகிறவருக்கான மதிப்பெண் கணக்கு இது: யார்டை 8.4-ஆல் பெருக்கி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) 330, கைக்குச் சேர்ந்த பாஸுக்கு 100 கூட்டி, எதிரணி பிடித்த பாஸுக்கு 200 கழித்து, மொத்தத்தை எறிந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். டவுன் இதில் எங்கேயும் வராது. மூன்றாம் டவுனில் 12 யார்டு வேண்டும். 8 யார்டு பாஸ் போடுகிறார். அந்த எறிதலுக்கு 167.2 புள்ளி, அணிக்குப் பந்து போச்சு. இன்னொருவர் 2 யார்டு தேவைப்படும்போது 3 எடுக்கிறார். ஆட்டம் தொடர்கிறது, கிடைப்பதோ 125.2 மட்டுமே. கடைசி ஓவரில் 12 ரன் வேண்டிய நேரத்தில் 8 அடித்துவிட்டு ஸ்ட்ரைக் ரேட் 133 என்று காலரைத் தூக்கிவிடுகிற கதை.

கேள்வி: வீட்டிலிருந்தே நோட்டு போட்டுக் கணக்கெடுக்க முடியுமா? – ராணிப்பேட்டை வாசகர்

பதில்: தாராளமாக. டவுன், தேவைப்பட்ட யார்டு, கிடைத்த யார்டு, அப்போதைய ஸ்கோர் என்று நாலு பத்தி போதும். முதல் டவுனில் தேவையில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நாலிலும் முழுசாகக் கிடைத்தால் டிக் போடுங்கள். இரண்டாம் டவுன், 8 யார்டு தேவை என்றால் 5.6, அதாவது 6 எடுத்திருக்க வேண்டும்.

டிக்குகளை மொத்த முயற்சிகளால் வகுத்தால் விகிதம் வரும். பலரும் கோட்டை விடுவது அந்த வகுக்கும் எண்ணில். பாஸ்களை மட்டும் எண்ணக் கூடாது. எறியத் தயாராகிப் பின்வாங்கிய ஒவ்வொரு முறையும் கணக்கில் வர வேண்டும்: எறிவதற்குள் பிடிபட்டது (சாக்), ஆள் கிடைக்காமல் தானே ஓடியது எல்லாமே. இல்லாவிட்டால் மூன்றாம் டவுனில் பந்தைக் கட்டிக்கொண்டு நின்று சாக் வாங்குகிறவர் உங்கள் நோட்டில் உத்தமராகிவிடுவார்.

மூன்றாம் டவுனை, தேவைப்படும் யார்டு 1–3, 4–6, 7-ம் அதற்கு மேலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எப்போதும் 9, 10 யார்டு பாக்கி என்றால், பழி முதல் இரண்டு டவுனில் ஓடியவர்கள் மேலும் இருக்கலாம். பயிற்சியாளர் நாலாவதிலும் துணிந்து ஆடுகிறவர் என்றால் மூன்றாவதில் 8-க்கு 6 எடுப்பது நல்ல ஆட்டமே. அதற்கு அரை டிக் என் கணக்கு. கடைசிக் கால் மணியில் 20 புள்ளி பின்தங்கி எடுத்த யார்டுகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஜெயிக்கிற அணி பின்னால் நின்றுகொண்டு சின்னப் பாஸ்களை விட்டுக்கொடுக்கும் நேரம் அது.

ஒன்றிரண்டு ஆட்டத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். ஓர் ஆட்டத்தில் மூன்றாம் டவுன் பதிமூன்று, பதினாலுதான் வரும். அதை மூன்றாகப் பிரித்தால் கட்டத்துக்கு நாலைந்துதான் தேறும்.

கேள்வி: நன்றாக ஓடும் குவார்ட்டர்பேக்குக்கும் ஓட்டக் கணக்கு குறைவாக வருவது ஏன்? – குடியாத்தம் வாசகர்

பதில்: கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழந்த யார்டையும் அவர் ஓட்டத்திலேயே கழிக்கிறார்கள். 8 முறை ஓடி 60 யார்டு எடுத்தவர், 5 சாக்கில் 38 இழந்தால், ஏட்டில் 13 ஓட்டம், 22 யார்டு. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஓட்டக் கணக்கில் இந்தக் கழித்தல் கிடையாது.