பெரிய கெண்டையைப் பிடித்து, படம் எடுத்து, திரும்ப ஏரியிலேயே விடுகிறார்களே, அந்த மீன் நிஜமாகவே பிழைக்குமா? எப்படி விட வேண்டும்?

பிழைக்கும். தண்ணீருக்குள் நடக்கும் இழுபறி அதற்குப் பெரிய ஆபத்தில்லை. கரைக்கு வந்தபின் நாம் அதை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மீனைக் கீழே போட்ட பிறகு எனக்கு வந்த புத்தி இது.

எனக்குச் சிவகங்கைப் பக்கம். கண்மாய்க்கரையில் மூங்கில் குச்சி, தக்கை, மண்புழு என்று வளர்ந்தவன். பதினோரு வருடமாக இங்கிலாந்தில், ரெடிங் நகரத்தில் இருக்கிறேன். இந்தப் பக்கம் கட்டட வேலைக்காகச் சரளை தோண்டிய பள்ளங்களெல்லாம் நீர் நிரம்பி ஏரிகளாகிக் கிடக்கின்றன. அவற்றில் வளர்கிற கெண்டை நமக்கு அந்நியமானதில்லை. ஊரில் கண்மாய்க் குத்தகைக்காரர்கள் குஞ்சு விடுகிறார்களே சாதாக்கெண்டை, அதே இனம். அதிலேயே உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய பெரிய செதில் உள்ள ரகத்தைக் கண்ணாடிக் கெண்டை என்பார்கள். அது 1939-லேயே இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. நம் ஊரில் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஆனதும் குழம்புக்குப் போய்விடுவதால், அது எவ்வளவு வளரும் என்பதே நமக்குத் தெரியாது.

இங்கே தெரியும், ஏனென்றால் விட்டுவிடுகிறார்கள். 1952-ல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் என்ற குளத்தில் 44 பவுண்டு (20 கிலோ) கெண்டை ஒன்றைப் பிடித்தார். அது லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய், 1971 வரை அங்கே தொட்டியில் வாழ்ந்தது. பீட்டர்பரோ பக்கத்து ஏரி ஒன்றில் இருந்த பென்சன் என்ற மீன் அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டு, அத்தனை தடவையும் விடப்பட்டு, 60 பவுண்டைத் தாண்டி வளர்ந்தது. 2009-ல் அது செத்தபோது செய்தித்தாள்களில் இரங்கல் வந்தது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பா இன்றைக்கும் போனில், "புடிச்சத விடுறதுக்கு எதுக்குடா காசு கட்டிப் போற?" என்றுதான் கேட்கிறார். இந்த ஏரிகளில் மீன் உடைமைக்காரருடையது, அனுமதியில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு வழக்கு என்று சொன்னால்தான் கொஞ்சம் அடங்குவார்.

இப்போது என் கதை. வந்த இரண்டாம் வருடம், அக்டோபர் காலை. 24 பவுண்டு கண்ணாடிக் கெண்டை. கிட்டத்தட்ட 11 கிலோ, அதுவரை நான் தொட்டதிலேயே பெரிய மீன். நெஞ்சு படபடக்க, எழுந்து நின்று இரண்டு கையிலும் ஏந்தி, நண்பனைப் படம் எடுக்கச் சொன்னேன். அவன் போனைத் தேடுவதற்குள் மீன் ஒரு துள்ளு துள்ளியது. இடுப்பு உயரத்திலிருந்து சரளைக் கல்மேல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடது விலாவில் இரண்டு செதில் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளித் தண்ணீரோடு வந்து மீன்மேல் ஊற்றினார், மீனைக் கிடத்துவதற்கென்றே வைத்திருந்த தன் மெத்தைக்கு மாற்றினார், காயத்தில் மருந்து தடவினார், பத்து நிமிடம் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருந்து விட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "அடுத்த தடவை முட்டி போட்டுப் பிடி" என்றார். அவரிடம் கற்றதைத்தான் இனி எழுதுகிறேன்.

தூண்டிலை வீசுவதற்கு முன்பே மெத்தையை விரித்து நனைத்து வையுங்கள். தொட்டில் மாதிரி ஓரம் உயர்ந்த மெத்தை கிடைக்கிறது. புல்லோ மண்ணோ உதவாது. ஏரித் தண்ணீர் ஒரு வாளி, முள் எடுக்கும் இடுக்கி, தராசு, நனைத்த தூளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தூளி என்று நான் சொல்வது எடை போட மீனைப் படுக்க வைக்கும் வலைத்துணி. பார்க்க நம் பிள்ளைத் தூளியேதான். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். மீனின் உடம்பில் உள்ள வழவழப்பு அதற்குத் தோல்மேல் இன்னொரு தோல். உலர்ந்த கையோ சூடான மெத்தையோ பட்டால் அது உரிந்துவிடும், அதன் வழியே கிருமி ஏறும்.

மீன் கைவலைக்குள் வந்ததும் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். மூச்சு வாங்க நமக்கும் நேரம் வேண்டும், அதற்கும் வேண்டும். வலையோடு தண்ணீரிலேயே கிடக்கட்டும். தூக்கும்போது கோலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வலையைச் சட்டத்தோடு சுருட்டி, குனிந்து பார்த்து, செவுளுக்குப் பின்னால் உள்ள இரண்டு துடுப்பும் உடம்போடு ஒட்டி மடிந்திருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். முன்பக்கமாக மடங்கிக் கிடந்தால் பாரத்தில் ஒடிந்துவிடும். முதுகுத் துடுப்பின் முதல் முள் ரம்பம் மாதிரி இருக்கும், அது வலையில் மாட்டியிருக்கும், அதையும் விடுவித்த பிறகு இரண்டு கையாலும் அள்ளித் தூக்குங்கள்.

மெத்தையில் படுக்க வைத்து ஈரத்துணியால் கண்ணை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தூண்டில்முள் கீழுதட்டில் இருக்கும். கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, பல்லெல்லாம் தொண்டைக்குள்தான். விராலிடம் கடி வாங்கிப் பழகிய நம் ஆட்கள் பயப்படாமல் விரலை வைக்கலாம். எதிர்முள் (நுனிக்குப் பின்பக்கமாக நீட்டும் சிறு கூர்) இல்லாத தூண்டில்முள்ளாக இருந்தால் வந்த வழியே திருப்பி ஒரு அழுத்து அழுத்தினால் வந்துவிடும்.

படம் வேண்டுமென்றால் மெத்தையின்மேல் முட்டி போட்டு, ஒரு கை முன் துடுப்புகளுக்கு அடியில், இன்னொரு கை வால்பக்கத்து அடித்துடுப்பின் கிட்ட. மீன் மெத்தைக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போதும். துள்ளப் போகிறது என்று தோன்றினால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், மெத்தையில் இறக்கிவிடுங்கள். செவுளுக்குள் விரலே போகக் கூடாது. நடுநடுவே தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு படம் போதும். பத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

விடும்போது தூளியிலேயே தண்ணீருக்குக் கொண்டுபோய் நிமிர்த்திப் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை. செவுள் சீராக அடிக்க ஆரம்பித்து, அதுவாக வாலை வீசிக் கிளம்பும். சாய்ந்து படுத்தால் இன்னும் நேரம் கொடுங்கள். கோடை வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அப்போது இந்தக் கட்டத்துக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ரொம்ப வெக்கையான நாட்களில் நான் போவதே இல்லை. மே, ஜூனில் கரையோரப் புல்லில் முட்டையிடக் கூட்டமாகப் புரண்டுகொண்டிருந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

சாமான் விஷயத்தில் சுருக்கமாக. மெல்லிய தூண்டில் நரம்பில் நீண்ட நேரம் இழுத்து விளையாடுவது வீரமில்லை, மீன் துவண்டுபோகும். 12 முதல் 15 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு போடுங்கள். நரம்பு அறுந்தால் மீன் ஈயக்குண்டை இழுத்துக்கொண்டே திரியக் கூடாது, குண்டு தானே கழன்றுவிழும் கிளிப் கட்டாயம். இரையை முள்ளில் குத்தாமல் முள்ளுக்குக் கீழே சிறு நூலில் தொங்கவிடும் முறை 1980 வாக்கில் இங்கே பரவியது. மீன் இரையை உறிஞ்சித் துப்பும்போது முள் உதட்டில் மாட்டும், ஆழமாக விழுங்காது. அப்புறம், ஒரு ஏரியில் நனைந்த வலையை ஈரத்தோடு இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று இருக்கிறது, அது அப்படியும் பரவும். வெயிலில் நன்றாகக் காயப்போட்டு எடுத்துப் போங்கள்.

"விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும், மீனுக்கு வலிக்காதா?" என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்கிறாள். பதில் என்னிடம் இல்லை. பிடிப்பது என் ஆசை, மீனுக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு பாடு.

நான் கீழே போட்ட மீன் அன்றைக்கு நீந்திப் போனது, ஆனால் பிழைத்ததா என்று நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கெண்டையின் செதில் வரிசை ஒன்றுக்கொன்று மாறுபடும், கைரேகை மாதிரி. மூன்றாவது கோடையில் அந்தப் பெரியவர் ஒரு படம் அனுப்பினார். இடது விலாவில் முதுகையொட்டி நான்கு செதில் வரிசை, அதற்குக் கீழே இரண்டு செதில் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த தழும்பு. என் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. எடை 27 பவுண்டு என்று எழுதியிருந்தார். படத்தில் அவர் முட்டி போட்டிருந்தார்.