எண்ணம் வேறு, நான் வேறு: மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பொய் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: வாதாடுவதைச் சிறிது காலம் நிறுத்திப் பாருங்கள். வாதாடும்போதெல்லாம் அந்த எண்ணத்தை நீதிபதியின் இருக்கையில் அமர்த்திவிட்டு, நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறிக்கொள்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய சிகிச்சை முறையில் எண்ணம் மெய்யா பொய்யா என்ற விசாரணை முதன்மையானதன்று. அதற்கும் நமக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குவதே முதன்மை. ‘நான் உதவாதவன்’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே ‘நான் உதவாதவன் என்ற எண்ணம் எனக்கு வருகிறது’ என்று எழுதுங்கள். மூன்றாவது வரியாக, ‘அந்த எண்ணம் வருவதை நான் கவனிக்கிறேன்’ என்று எழுதி, மூன்றையும் நிதானமாக வாசியுங்கள். முதல் வரியில் எண்ணமாகவே இருந்த நீங்கள், மூன்றாவது வரியில் அதைப் பார்ப்பவராக நிற்பீர்கள்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. ஒரு சொல்லை விரைவாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் பொருள் உதிர்ந்துவிடும் என்று உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். ‘உதவாதவன்’ என்பதை அரை நிமிடம் வாய்விட்டு, இடைவிடாமல் சொல்லிப் பாருங்கள். ‘வனுதவாத, வனுதவாத’ என்று வெறும் ஓசை காதில் விழத் தொடங்கும். இத்தனை நாள் உங்களைக் குத்திய சொல் நாக்கின் அசைவுதான் என்பதை அந்தக் கணத்தில் உடலே உணர்ந்துகொள்ளும்.

கேள்வி: ‘கோபம் நான் அல்ல’ என்று சொல்வது பொறுப்பிலிருந்து நழுவுவது ஆகாதா?

பதில்: மிக நியாயமான கேள்வி. தமிழில் ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்கிறோம். வருவது கோபம், அது வந்து சேரும் இடம் நான். ‘நான் கோபக்காரன்’ என்னும்போது அந்தப் பிரிவு மறைந்து, மாற வழியே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய கதைசார் சிகிச்சை, மனிதர் பிரச்சினை அல்லர், பிரச்சினையே பிரச்சினை என்ற நிலைப்பாட்டில் நிற்கிறது. ஆனால் உணர்ச்சியைப் பிரிக்கலாமே ஒழிய, செயலைப் பிரிக்கக் கூடாது. கோபம் வந்தது, தட்டை எறிந்தது நான். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள்.

கேள்வி: இதனால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா?

பதில்: உண்டு. மனச்சோர்விலிருந்து மீண்ட 145 பேரிடம் உளவியலாளர் ஜான் டீஸ்டேலும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் 66 சதவீதத்தினருக்கு அது திரும்பியது. எண்ணங்களை எண்ணங்களாகவே பார்க்கும் பயிற்சியையும் பெற்றவர்களுள் 37 சதவீதத்தினருக்கே திரும்பியது. இரண்டு முறை மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் அத்தகைய பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எனக்கு எல்லாமே கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் இருக்கிறது. இதுவும் அந்த விலகல்தானா?

பதில்: இல்லை. பயிற்சியில் வரும் விலகலில் உணர்ச்சி தெளிவாகத் தெரியும். நீங்கள் சொல்வதில் அது மரத்துப்போகிறது. தனியாக இப்பயிற்சிகளைச் செய்யாமல், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது நான் யார் என்றே தெரியவில்லை.

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைப் பலமுறை வாசித்தேன். இத்தாலிய மனநல மருத்துவர் ராபர்ட்டோ அசாஜியோலி (1888–1974), ‘எனக்கு உடல் உண்டு, ஆனால் நான் உடல் அல்ல, எனக்கு உணர்ச்சிகள் உண்டு, ஆனால் நான் உணர்ச்சிகள் அல்ல’ என்று படிப்படியாகச் செல்லும் ஒரு பயிற்சியை வகுத்தார். ‘உண்டு’ என்று முதலில் ஏற்றுக்கொண்ட பிறகே ‘அல்ல’ வருகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த முப்பது ஆண்டுகளை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. ஆசிரியை, தாய், தோழி என்று நீங்கள் ஏற்ற பாத்திரங்களை எழுதுங்கள். ஒன்றை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். மறைத்த பின்னும் கவனித்துக்கொண்டிருப்பவர் இருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம் போதும். ‘ஆசிரியை’யை மறைக்கும்போது அழுகை வந்தால் விரலை எடுத்துவிட்டு அழுங்கள், அந்தத் தாளை அப்படியே ஆலோசகரிடம் எடுத்துச் செல்லுங்கள்.